மணிக்கட்டுச் சிலுவை: கிறித்தவத்தில் பச்சை குத்தலும் அதன் மீதான வழக்கும்

1. கேள்வி

கிறித்தவர் ஒருவர் தம் உடம்பில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்ளலாமா? நாகர்கோவிலிலோ பாளையங்கோட்டையிலோ ஒரு வாலிபர் கூடுகையில் இந்தக் கேள்வி எழுந்தால் லேவியராகமம் 19:28 என்று வசன எண்ணோடு பதில் வந்துவிடும். பேச்சு அத்தோடு முடிந்துவிடுவதும் உண்டு. கெய்ரோவின் மொகத்தம் குன்றில், தோல் பதனிட்டவர் என்று பெயர் பெற்ற புனித சீமோனின் மடத்திலோ பச்சை குத்துபவர் மின்னூசியோடு உட்கார்ந்திருக்கிறார். சிறு பிள்ளைகளோடு பெற்றோர் அவரிடம் வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சில நிமிடங்களில் ஒரு சிறு சிலுவை ஏறிவிடும். அங்கே சிலுவை இல்லாத மணிக்கட்டைப் பற்றித்தான் கேள்வி எழும். இரு இடத்தாரும் வாசிப்பது ஒரே லேவியராகமம்.

இந்தப் பொருளைப் பற்றிய எழுத்து இரண்டு ஓடைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒன்று போதக நூல்கள். வசனங்களை அடுக்கி, கூடும் என்றோ கூடாது என்றோ தீர்ப்புச் சொல்பவை. மற்றது வரலாற்றாய்வு: கிரேக்க ரோமானிய உலகின் பச்சைக் குறிகளைப் பற்றி 1987-இல் சி. பி. ஜோன்ஸ் எழுதிய கட்டுரை, பிற்கால ரோமின் தண்டனைக் குறிகளைப் பற்றி 1997-இல் மார்க் கஸ்டாஃப்சன் எழுதியது, ஜேன் கேப்ளன் 2000-இல் பதிப்பித்த தொகுப்பு, எருசலேமின் அச்சுக் கட்டைகளை 1950-களில் பதிவு செய்த ஜான் கார்ஸ்வெல்லின் நூல் ஆகியவை இதில் முக்கியமானவை. போதகர்கள் வரலாற்றைத் தேடிப் போவதில்லை. வரலாற்றாசிரியர்களுக்கு இன்றைய விசுவாசியின் மனக்கலக்கம் ஒரு பொருட்டில்லை.

இரண்டையும் சேர்த்துப் படிக்கையில் எனக்குப் படுவது இது: கிறித்தவர்கள் இந்தக் குறியை ஏற்றதிலும் மறுத்ததிலும் வேதவசனத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. குறியை இட்டவர் யார், அது யார் கண்ணில் படுவதற்காக இடப்பட்டது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் வழக்கைத் தீர்த்திருக்கின்றன. இதற்கான சான்றுகளையும், இந்த வாதம் தடுமாறும் இடங்களையும் இனிப் பார்க்கலாம்.

2. வசனம் எவ்வளவு தூரம் வரும்?

லேவியராகமத்தின் அந்த ஒரு வசனத்தில் இரண்டு விலக்குகள் அடுத்தடுத்து வருகின்றன: இறந்தவருக்காக உடலைக் கீறிக்கொள்வது, உடலில் குறி குத்திக்கொள்வது. அதற்கு முந்தைய வசனம் தாடியின் ஓரங்களைச் சிதைக்க வேண்டாம் என்கிறது. இன்னும் சற்று மேலே, இருவகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்ற கட்டளை. பாலியெஸ்டர் கலந்த பருத்திச் சட்டையோடும் மழித்த முகத்தோடும் பிரசங்க மேடையில் நிற்பவர் 28-ஆம் வசனத்தை மட்டும் எடுத்து வீசுகிறார் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் எதிர்வாதம். கேலியாகத் தொனித்தாலும் அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சடங்குச் சட்டம் கிறித்துவோடு முடிந்தது, ஒழுக்கச் சட்டம் மட்டும் நிலைக்கிறது என்ற மரபான விடையும் இங்கே கைகொடுப்பதில்லை. பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளையும் இதே அதிகாரத்தில்தான், 18-ஆம் வசனத்தில் இருக்கிறது. எது சடங்கு, எது ஒழுக்கம் என்று அதிகாரம் தானாகப் பிரித்துக் காட்டவில்லை; வாசிப்பவர்தான் பிரிக்க வேண்டும்.

விலக்கு ஏன் வந்தது? புறச்சமயத்தாரின் துக்கச் சடங்கைத் தவிர்ப்பதற்காக என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். 2013-இல் ஜான் ஹியூனர்கார்டும் ஹரால்ட் லீபோவிட்சும் இதை மறுத்தார்கள். பண்டைய மேற்காசியாவில் பச்சை குத்துவது துக்கச் சடங்காக இருந்ததற்குச் சான்று இல்லை. அடிமைகளுக்கும் சிறைப்பட்டவர்களுக்கும் குறி இட்டதற்கோ சான்று நிறைய உண்டு. ஆகவே எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதாகத் தன்னை நினைத்துக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம் அடிமைக் குறியை விலக்கியது என்பது அவர்கள் வாதம். கீறுதலும் குறியும் ஒரே வசனத்தில் அருகருகே நிற்பதை அவர்கள் இன்னும் கொஞ்சம் வலுவாக விளக்கியிருக்கலாம். ஆனாலும் பழைய விளக்கத்தைவிட இதற்கே சான்றின் ஆதரவு அதிகம் என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் நிற்பவர்களுக்கும் வசனங்கள் உண்டு. தான் ஆண்டவனுக்கு உரியவன் என்று ஒருவன் தன் கையில் எழுதிக்கொள்வதை ஏசாயா 44:5 பாராட்டாகவே சொல்கிறது. எசேக்கியேல் 9-இல் காப்பாற்றப்பட வேண்டியவர்களின் நெற்றியில் அடையாளம் இடப்படுகிறது. கலாத்தியர் நிருபத்தின் முடிவில் பவுல், தம் உடலில் இயேசுவின் குறிகளைச் சுமப்பதாகச் சொல்கிறார். அவை அடிபட்ட தழும்புகள் என்பதே பெரும்பாலான உரைகாரர்களின் கருத்து. ஆனால் அவர் எடுத்தாண்ட சொல் அக்காலத்தில் அடிமைக் குறிக்கு வழங்கிய சொல். வெளிப்படுத்தின விசேஷத்தில் மிருகத்தைச் சேர்ந்தவர்களுக்கும் நெற்றியில் குறி உண்டு, ஆட்டுக்குட்டியைச் சேர்ந்தவர்களுக்கும் உண்டு. அந்த நூலுக்குக் குறியே பிரச்சினையாக இல்லை, உடைமையாளர் யார் என்பதே பிரச்சினை.

6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசாவைச் சேர்ந்த புரோகோப்பியுஸ், ஏசாயாவுக்கு எழுதிய உரையில் இந்த இடத்துக்கு வந்ததும், கிறித்தவர் பலர் தம் மணிக்கட்டிலோ கையிலோ சிலுவையையும் கிறித்துவின் பெயரையும் குத்திக்கொள்வதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். கண்டிக்கவில்லை, நியாயப்படுத்தவும் முயலவில்லை. லேவியராகமத்தை நன்கு அறிந்த ஓர் உரைகாரருக்கு இங்கே ஒரு முரண் இருப்பதாகவே தோன்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

3. அரசு இட்ட குறி

ரோமானிய உலகில் உடற்குறி அவமானத்தின் அடையாளம். தப்பி ஓடிய அடிமை, சுரங்கத்துக்கு அனுப்பப்பட்ட குற்றவாளி, ஆயுதப் பட்டறையில் கட்டுண்டு வேலை செய்தவன் ஆகியோருக்கு அது இடப்பட்டது. பழைய நூல்களில் வரும் இந்தக் குறிகளைச் சூட்டுக்கோல் தழும்புகள் என்றே வெகுகாலம் எண்ணிவந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஊசியும் மையும் கொண்டு குத்தியவை என்று நிறுவியவர் ஜோன்ஸ். விசாரணையில் விசுவாசத்தை விட்டுக்கொடுக்காமல் சுரங்கத்துக்குப் போன கிறித்தவர்களும் இந்தத் தண்டனைக்குத் தப்பவில்லை. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானின் வாழ்க்கையை எழுதிய பொந்தியுஸ், அப்படிப்பட்டவர்களை நெற்றியில் இரண்டாம் முறை எழுதப்பட்டவர்கள் என்று பெருமையோடு குறிப்பிடுகிறார். முதல் எழுத்து ஞானஸ்நானத்தின்போது வரைந்த, கண்ணுக்குத் தெரியாத சிலுவை. இரண்டாவது அரசு குத்தியது. கேவலப்படுத்துவதற்காகக் குத்திய எழுத்தை மரியாதையாக மாற்றிப் படிக்கும் பழக்கம் இங்கே தொடங்குகிறது.

316-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த ஓர் ஆணையின்படி, சுரங்கத்துக்கோ வாட்போர்க் களத்துக்கோ தண்டிக்கப்பட்டவர்களின் முகத்தில் குறி இடக் கூடாது. விண்ணழகின் சாயலில் அமைந்த முகத்தைக் கெடுக்கலாகாது. பச்சை குத்தலுக்குக் கிறித்தவம் விதித்த முதல் தடை என்று இதைச் சிலர் காட்டுவார்கள். அது சரியாகப் படவில்லை. கையிலும் கெண்டைக்காலிலும் குத்த அதே ஆணை இடம் தருகிறது. காப்பாற்றப்பட்டது முகம் மட்டும். குற்றவாளியின் தோலில் எழுதும் உரிமையை அரசு கைவிடவில்லை.

இறையியலும் இந்த அரசாங்கக் குறியிலிருந்து கடன் வாங்கியது. ரோமானியப் படையில் சேர்ந்தவர்களுக்கும் குறி குத்தும் வழக்கம் இருந்ததை ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜீஷியஸ் பதிவு செய்திருக்கிறார். படையை விட்டு ஓடியவன் திரும்பி வந்தால் அவனுக்கு மறுபடி குறி இட வேண்டியதில்லை, பழையதே போதும். அதுபோல் பிரிந்துபோனவர்கள் திரும்பி வரும்போது மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை என்று, வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாட்டியர்களுக்கு எதிராக அகஸ்டின் வாதிட்டார். ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்ற கத்தோலிக்கக் கோட்பாடு இந்த வாதத்திலிருந்து வளர்ந்தது. பச்சை குத்தலைப் பழித்த திருச்சபையின் அடிப்படைக் கோட்பாடு ஒன்று சிப்பாயின் பச்சைக் குறியை உருவகமாகக் கொண்டது என்பது வேடிக்கைதான். மேற்கில் மை தேவைப்படாமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆன்மாவில் அழியாத முத்திரை இருக்கும்போது தோலில் எதற்கு?

9-ஆம் நூற்றாண்டில் இந்தத் தலைகீழாக்கம் இன்னொரு முறை நடந்தது. திருவுருவ வணக்கத்தை எதிர்த்த பைசாந்தியப் பேரரசர் தியோஃபிலோஸ், பாலஸ்தீனத்திலிருந்து வந்த தியடோர், தியோஃபானஸ் என்ற துறவிச் சகோதரர்களின் முகத்தில் பன்னிரண்டு வரிச் செய்யுளைக் குத்தச் செய்தார். அவர்களை இழிவு செய்வதற்கென்றே இயற்றிய வரிகள் அவை. தியடோர் சிறையில் இறந்தார். தியோஃபானஸ் பின்னர், எழுத்துக் குத்திய அதே முகத்தோடு, நைசியாவின் பேராயரானார். எழுதப்பட்டவர்கள் என்ற அடைமொழியோடுதான் கீழைத் திருச்சபை இருவரையும் இன்றும் புனிதர்களாக வணங்குகிறது.

சிலுவைக் குறி எப்போதும் நம்பிக்கை அறிக்கையாகவே இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 591 அளவில் பாரசீகப் போரொன்றில் பிடிபட்ட துருக்கியர்களின் நெற்றியில் கறுப்புச் சிலுவை குத்தியிருந்ததைப் பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபிலாக்ட் சிமொக்காட்டா எழுதுகிறார். காரணம் கேட்டபோது, தங்கள் நாட்டில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் கிறித்தவர் சிலர் சொன்ன யோசனைப்படி தாய்மார் பிள்ளைகளுக்குக் குத்திவிட்டார்கள் என்றார்களாம். அவர்கள் கிறித்தவர்கள் அல்லர். அவர்களுக்குச் சிலுவை ஒரு தாயத்து.

4. 787 என்ற கட்டுக்கதை

787-இல் நைசியாவில் கூடிய இரண்டாம் பொதுச்சங்கம், போப் முதலாம் ஹேட்ரியனின் சொல்லுக்கிணங்கப் பச்சை குத்தலைத் தடை செய்தது என்று எத்தனையோ நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருகின்றன. அந்தச் சங்கம் இயற்றிய 22 சட்டங்களில் அப்படி எதுவும் இல்லை. குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு தெளிவு. அதற்கு முந்தைய ஆண்டு ஹேட்ரியனின் தூதர்கள் இங்கிலாந்து சென்று, வடக்கே நார்த்தம்பிரியாவில் கூடிய சபையில் சில விதிகளை ஏற்கச் செய்து, அவருக்கு அறிக்கை அனுப்பினார்கள். பச்சை குத்தல் வருவது அந்த அறிக்கையில்.

அது சொல்வதும் முழுத் தடை அல்ல. கடவுள் அழகாகப் படைத்த உடலில் புறச்சமயத்தார் பேயின் தூண்டுதலால் விகாரக் குறிகளை இட்டார்கள் என்று கண்டிக்கிறது. ஆனால் ஒருவர் கடவுளுக்காக இந்தச் சாயக் காயத்தை ஏற்றால் பெரும் பலன் பெறுவார் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்த இரண்டாம் பகுதியை எடுத்துக்கொண்டு, திருச்சபை கிறித்தவப் பச்சையை ஆசீர்வதித்த சான்று என்று இன்று சிலர் கொண்டாடுகிறார்கள். அதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே பேச்சு காயத்தை ஏற்றுக்கொள்வதைப் பற்றியது. பொந்தியுஸ் சொன்ன சுரங்கக் கைதிகளைப்போலக் கட்டாயத்தால் குறி பெற்றவர்களை அது மனத்தில் வைத்திருக்கலாம். எப்படிப் படித்தாலும், ஊசியையும் மையையும் பற்றி அறிக்கை தீர்ப்பளிக்கவில்லை. யாருக்காக என்றே கேட்கிறது.

5. எருசலேம் யாத்திரிகர்

16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் போன ஐரோப்பிய யாத்திரிகர்களின் குறிப்புகளில் பச்சை குத்தல் திரும்பத் திரும்ப வருகிறது. மிகத் துல்லியமான வருணனை, அலெப்போவில் ஆங்கில வணிகர்களின் குருவாக இருந்த ஹென்றி மாண்ட்ரெல் 1697 ஈஸ்டர் காலத்தில் எழுதியது. குத்துபவரிடம் பல உருவங்கள் செதுக்கிய மரக்கட்டைகள் இருக்கும். வேண்டிய கட்டையில் கரித்தூளைத் தடவிக் கையில் ஒற்றுவார். பிறகு நெருக்கிக் கட்டிய இரண்டு மெல்லிய ஊசிகளை, வெடிமருந்தும் மாட்டுப் பித்தமும் கலந்த மையில் பேனாவைப்போல் தோய்த்துத் தோய்த்து, கோட்டின் மேலேயே புள்ளி புள்ளியாகக் குத்துவார். கடைசியில் திராட்சை ரசத்தால் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. 1658-இல் தாமே குத்திக்கொண்ட பிரெஞ்சுப் பயணி ஜான் தெவெனோ, கை வீங்கியதையும் காய்ச்சல் கண்டதையும் எழுதிவைத்திருக்கிறார்.

கத்தோலிக்கர் பச்சை குத்தினார்கள், புரொட்டஸ்டன்ட்டுகள் வேதவசனத்தைக் காட்டி மறுத்தார்கள் என்ற எளிய கோடு இந்தக் குறிப்புகளின் முன் நிற்பதில்லை. ஆங்கில புரொட்டஸ்டன்ட் ஃபைன்ஸ் மோரிசன் 1596-இல் பெத்லகேமில் இருந்தார். கூட வந்தவர்கள் குத்திக்கொண்டார்கள். அவரும் தம்பியும் மறுத்தார்கள். அப்போது சொன்ன சாக்கு: இன்னும் பல நாடுகள் வழியாக ஊர் திரும்ப வேண்டும், நம்மை அடையாளம் காட்டிக்கொடுக்கும் குறியைச் சுமக்கத் துணிவில்லை. லேவியராகமம் அவர் வாயில் வரவில்லை.

நேர்மாறாக வில்லியம் லித்கோ. போப்பையும் கத்தோலிக்கரையும் வசைபாடியே பக்கம் நிரப்பிய ஸ்காட்லாந்துக்காரர். 1612-இல் எருசலேமில் தங்கிய கடைசி இரவில், பெத்லகேம் கிறித்தவர் ஒருவரைக் கொண்டு வலது கையில் இயேசுவின் பெயரோடு மன்னர் ஜேம்சின் மகுடத்தையும் வாழ்த்தையும் குத்திக்கொண்டார். அங்கிருந்த பிரான்சிஸ்கன் மடத்தலைவருக்குக் கோபம் வந்தது. கிறித்துவின் கல்லறையருகே ஒரு புரொட்டஸ்டன்ட் மன்னரின் மகுடமா? 1620-இல் ஸ்பெயினின் மலாகாவில் ஒற்றன் என்ற சந்தேகத்தில் பிடிபட்ட லித்கோவைச் சித்திரவதை செய்தவர்கள் அந்தக் குறியைச் சதையோடு கிழித்தெடுத்ததாக அவர் எழுதுகிறார். லித்கோ எதையும் பெரிதாக்கிச் சொல்பவர் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் மோரிசனின் அச்சம் வீணானதல்ல என்பதற்கு அவர் கதையே சாட்சி. 1862-இல் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, எருசலேம் சிலுவையைக் குத்திக்கொண்டார். இருபது ஆண்டு கழித்து அவர் மகன்களும் அப்படியே செய்தார்கள். அதற்குள் குறி ஆபத்தை இழந்து பயண நினைவுப்பொருளாகிவிட்டது.

எருசலேமின் யாஃபா வாயிலுக்கு அருகே இன்றும் பச்சை குத்தும் ரஸூக் குடும்பம், எகிப்திலிருந்து வந்த, அந்நாட்டின் பழைய கிறித்தவ மரபான கோப்டிக் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம். கார்ஸ்வெல் பதிவு செய்தது இவர்களிடமிருந்த ஒலிவ மரக் கட்டைகளைத்தான். ஆர்மீனியர், கோப்தியர், சிரியர், எத்தியோப்பியர் எல்லோரும் இங்கே வந்து, யாத்திரை செய்த ஆண்டையும் சேர்த்துக் குத்திக்கொண்டு போவார்கள்.

ஆர்மீனியரிடம் என் வாதத்துக்கு மிகக் கூர்மையான சான்று கிடைக்கிறது. எருசலேம் போய் வந்தவருக்கு அவர்களிடையே தனிப் பட்டப்பெயரே உண்டு; கையிலிருக்கும் பச்சை அந்த மரியாதைக்கு அத்தாட்சி. 1915 இனப்படுகொலையின்போது பாலைவனத்துக்குத் துரத்தப்பட்டு, அரபு, குர்திய இனக்குழுக்களின் கையில் சிக்கிய ஆர்மீனியப் பெண்களுக்கும் முகத்திலும் கையிலும் அந்தக் குழுக்களின் வழக்கப்படி பச்சை குத்தினார்கள். பிறகு அலெப்போவில் டென்மார்க்கைச் சேர்ந்த காரன் யெப்பெ நடத்திய விடுதியில் தஞ்சம் புகுந்தவர்களின் படங்களில் அந்த முகங்களைக் காணலாம். மீண்டு வந்தவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் குறியை மறைத்தே வாழ்ந்தார்கள். சூசன் கர்தாலியன் தம் பாட்டியைப் பற்றி 2011-இல் எடுத்த ஆவணப்படத்தின் மையமே இந்த மௌனம்தான். சமூகம் ஒன்று, மையும் ஊசியும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று பெருமை, மற்றது வாய் திறந்து சொல்ல முடியாத வேதனை.

6. போஸ்னியாவின் பெண்கள்

நடு போஸ்னியாவின் கத்தோலிக்கக் குரோவியப் பெண்கள் கைவிரல், புறங்கை, முன்கை, மார்பு, சில நேரம் நெற்றி என்று சிலுவை குத்திக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பரவலாக இருந்தது. மார்ச் 19, புனித யோசேப்பு திருநாளை ஒட்டி இளம்பெண்களுக்குக் குத்துவார்கள். கரி, தேன், தாய்ப்பால் கலந்த மை. ஒட்டோமன் ஆட்சியில் பெண்களைக் கவர்ந்து மதம் மாற்றுவதிலிருந்து காக்கவே இது என்பது ஊரார் சொல்லும் காரணம்; 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதை ஆராய்ந்த சீரோ ட்ருஹெல்காவும் ஒட்டோமன் காலத்தோடுதான் பிணைத்தார். அங்குள்ள பழங்குடிகள் கிறித்துவுக்கு முன்பே பச்சை குத்தியதைப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்வதால், வழக்கம் மிகப் பழையது, சிலுவை பின்னால் வந்து ஏறிக்கொண்டது என்பது இன்னொரு கட்சி.

படைக்குச் சிறுவர்களைப் பிடித்துச் செல்லும் முறையிலிருந்து தப்பிக்கக் குத்தினார்கள் என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுவதில் ஓர் இடறல் இருக்கிறது. பிடித்துச் சென்றது ஆண்பிள்ளைகளை. குறி நிறைந்திருந்ததோ பெண்கள் கையில். ஒட்டோமன் காலம், பழங்காலம் என்ற இரண்டு கட்சிகளையும் ஒன்றுக்கொன்று பகையாக்க வேண்டியதில்லை. பழைய வழக்கத்துக்குப் புதிய ஆட்சி புதிய வேலையைக் கொடுத்திருக்கும்.

7. எகிப்து: பிள்ளையின் கையில்

கோப்டிக் திருச்சபை இந்தச் சிலுவையை அருட்சாதனமாக வைக்கவில்லை, கட்டாயமாக்கவும் இல்லை. ஆனாலும் மடங்களின் திருவிழாக்களில் பச்சை குத்தும் கடையும் திருவிழாக் கடைகளில் ஒன்றாக நிற்கிறது. ஏன் குத்துகிறீர்கள் என்று கேட்டால் கிடைக்கும் விடைகளில் பக்தியும் இருக்கிறது, நடைமுறையும் இருக்கிறது. பிள்ளை காணாமல் போனால், பெற்றோர் இறந்துபோனால், அது கிறித்தவப் பிள்ளை என்று தெரிய வேண்டும். எகிப்தின் தேசிய அடையாள அட்டையில் மதம் பதிவாகிறது. இஸ்லாத்திலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர் அதை அட்டையில் மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். எழுத்தர் கையில் இருக்கும் அட்டையைவிடத் தோலை நம்பலாம் என்ற எண்ணம் அங்கே பிறப்பதில் வியப்பில்லை.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் வரி நிர்வாகி உசாமா இப்னு செய்தின் துறை, வரியைத் தவிர்க்க மடத்தில் புகுவோரைக் கண்டுபிடிக்க, துறவிகளின் கையில் அடையாளம் இட்டதாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. அது இரும்பு வளையமா சூட்டுக்குறியா என்பதில் அவை வேறுபடுகின்றன. இன்றைய மணிக்கட்டுச் சிலுவை அந்த நிகழ்ச்சியின் நேரடி வாரிசு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இடையிலுள்ள நூற்றாண்டுகளுக்கு அப்படிச் சங்கிலி கோக்கச் சான்று போதாது. புரோகோப்பியுஸ் காட்டும் காசா வழக்கம் இஸ்லாத்துக்கே முந்தியது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2011 புத்தாண்டு இரவில் அலெக்சாந்திரியா ஆலயத்தில் குண்டு வெடித்தது. 2017 குருத்தோலை ஞாயிறன்று தந்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும் வெடித்தது. ஆலய வாசலில் காவல் நிற்கும் இளைஞர்களிடம் முன்கையைத் திருப்பி மணிக்கட்டைக் காட்டிவிட்டு உள்ளே போவது பல இடங்களில் இயல்பாகிவிட்டது. உள்ளே விடும் அதே குறி, வெளியே கொலைகாரனுக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். மோரிசன் அஞ்சிய அதே காரணத்துக்காகக் கோப்தியர் அதை அணிகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது: அடையாளம் தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

இங்கே நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தன் விருப்பப்படி ஏற்ற குறி, பிறர் திணித்த குறி என்ற பிரிவு பொந்தியுஸுக்கும் ஆர்மீனியப் பெண்களுக்கும் பொருந்துகிறது. இரண்டு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம்? அழுது கையை உதறும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் குத்துகிறார்கள். குழந்தை ஞானஸ்நானத்தை நியாயப்படுத்தும் வாதமே இதற்கும் பதிலாகிறது: சமூகம் பிள்ளைக்காக விசுவாசிக்கிறது. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் அதைக் கண்டுகொள்ளாமல் வாழலாம். மணிக்கட்டு அந்த வசதியைத் தருவதில்லை.

8. தனி ஆளின் சாட்சி

அமெரிக்காவில் வயதுவந்தோரில் 32 சதவீதத்தினர் உடலில் ஒரு பச்சையாவது இருப்பதாக பியூ ஆய்வு மையம் 2023-இல் கண்டது. நற்செய்தி இயக்கச் சபைகளும் இந்த அலைக்கு வெளியே இல்லை. அங்கே ஒரு கிறித்தவப் பல்கலைக்கழக மாணவர்களின் பச்சைகளை எடுத்த 752 படங்களை கெவின் டோகர்ட்டியும் ஜெரோம் கோக்கும் 2019-இல் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிப்படையாகச் சமயம் சார்ந்தது. சமயப் பச்சைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாக, உடையவரை நோக்கியே, அவர் குனிந்து வாசிக்கும்படி திருப்பிக் குத்தப்பட்டிருந்தன. கோப்தியச் சிலுவை மற்றவர் பார்வைக்கு. இது தனக்குத் தானே எழுதிய நினைவூட்டல். முடிவெடுத்துக் குத்திக்கொண்டவரும் வளர்ந்த ஆள். முழு வயதில் தானே அறிக்கையிட்டுப் பெறும் ஞானஸ்நானத்தை வற்புறுத்தும் சபைகளுக்கு இது எளிதில் ஒத்துப்போகிறது. ஞானஸ்நானத்தைப் பற்றிய கருத்து எப்படியோ பச்சையும் அப்படியே என்று விதியாகச் சொல்ல ஆசைதான். ஆனால் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் லூத்தரன், பிரஸ்பிட்டேரியன் சபைகளில் குழந்தைகளுக்குச் சிலுவை குத்தும் வழக்கம் தோன்றவே இல்லை. அவர்கள் வாழ்ந்தது பெரும்பான்மையாக; அடையாள அட்டை அவர்களைக் கேள்வி கேட்டதில்லை.

2018 மார்ச்சில் ரோமில் இளைஞர் கூட்டமொன்றில் உக்ரைனைச் சேர்ந்த குருமாணவர் கேட்டதற்குப் போப் பிரான்சிஸ், பச்சையைக் கண்டு அஞ்ச வேண்டாம், நெற்றியில் சிலுவை குத்தும் எரித்திரியக் கிறித்தவர்களைப் பாருங்கள், மிகைதான் பிரச்சினை என்று பதில் சொன்னார். இளைஞனிடம் பேச்சுத் தொடங்க அது ஒரு வழி என்றும் சொன்னார். நல்ல மனத்தோடு சொன்னது. ஆனால் ஐரோப்பிய இளைஞனின் முன்கையையும் எரித்திரியப் பெண்ணின் நெற்றியையும் ஒரே மூச்சில் சேர்த்தது வசதியான சேர்க்கை. ஒருவர் தேர்ந்தெடுத்தார், மற்றவருக்குத் தாயும் பாட்டியும் தேர்ந்தெடுத்தார்கள்.

9. தமிழ்ச் சூழலை நோக்கி

உடலில் சமயக் குறி என்பது தமிழருக்குப் புதிதல்ல. சமாசிரயணம் என்ற தீட்சைச் சடங்கில் வைணவ ஆசாரியர் சீடரின் வலத்தோளில் சக்கரத்தையும் இடத்தோளில் சங்கையும் சூடாக ஒற்றுகிறார். ஊர் ஊராகக் குறத்தி பச்சை குத்தி நெல்லும் காசும் வாங்கிப் போன காலத்தை மூத்தவர்கள் கையில் இன்னும் பார்க்கலாம். இந்தப் பின்னணியில் மதம் மாறியவர் எந்தக் குறியை விட வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே வழக்காக இருந்தது. இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி மதுரையில் சந்தனத்தை அனுமதித்தார். புதுச்சேரி வந்த போப்பின் தூதர் டூர்னோன் 1704-இல் பிறப்பித்த ஆணை, சாணச் சாம்பலையும் நெற்றிக் குறிகளையும் புதுக் கிறித்தவர்களுக்கு விலக்கியது. அதே திருச்சபை ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டுதான் இருந்தது. சாம்பல் சாம்பல்தான், பூசும் கை மாறியது.

பொட்டையும் நகையையும் விலக்கும் பெந்தெகொஸ்தே சபைகள் பச்சையையும் சேர்த்தே விலக்குகின்றன. அங்கே வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமே ஊரார் கண்டுகொள்ளும் குறி. கோப்தியர் மையால் செய்வதை இவர்கள் மையின்றிச் செய்கிறார்கள் என்று கொள்ள இடமுண்டு. அந்த உடலில் ஒருவர் பிரிவின் அடையாளத்தைத் தாமாக எழுதிக்கொண்டால், அது சிலுவையாகவே இருந்தாலும், எழுதும் உரிமை சபையின் கையைவிட்டு நழுவுகிறது. இன்று தமிழ்க் கிறித்தவ இளைஞர் போவது குறத்தியிடமும் அல்ல, மடத்து வாசலுக்கும் அல்ல. கடைத்தெருவிலுள்ள டாட்டூ கடைக்கு. பெற்றோரும் போதகரும் அறியாமல், தாமே படம் தேர்ந்து, தாமே காசு கொடுத்து. மேடையிலிருந்து வரும் லேவியராகமம் 19:28 பேசுவது ஊசியையும் மையையும் பற்றி. கூடத்தில் இருப்பவர்களுக்குள் நடக்கும் தகராறோ அந்தக் கடைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்பது.